படலையில் ஊற்றிய தண்ணீர்

என் அன்பு அக்காவுக்கு,

ஆண்டுத் திவசத்துக்குப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே நாலு வரி எழுதுவது ஊர் வழக்கம். எனக்கு நாலு வரி காணாது. உன்னோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஊரும் கேட்கட்டும்.

இணுவில் வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். போன மாரி மழையில் கிணற்றடிப் பக்கம் ஒழுகியது, ஓடு மாற்றினேன். உன் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை காய்க்கவில்லை. இந்த வீட்டுப் புதினம் எல்லாம் முன்பு பிரான்சுக்கு ரெலிபோனில் சொல்லுவேன். இனி யாருக்குச் சொல்வது?

இது அம்மா உனக்குச் சீதனமாகத் தந்த வீடு. நீ அத்தானோடு வெளிநாடு போன பிறகு சண்டைக்காலம் முழுவதும் நான்தான் இதைக் காத்தேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கதவும் இல்லை, கதவு நிலையும் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டேன். அத்தான் அங்கே மாரடைப்பில் போனார். உங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. வீட்டை எனக்குத் தா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீயாகத்தான் உயில் எழுதினாய்.

எழுதினாயே, அக்கா, எழுதிய ஒழுங்கைக் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? முதலில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் குலசிங்கத்தார் உனக்கு இரண்டாம் தாலி கட்டினார். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசிடம் போய், வீடு தம்பிக்கு என்று உயிலில் கையெழுத்து வைத்தாய். பிறகு பிரான்சுக்குத் திரும்பிப்போய், அங்கே மாநகரசபையில் இருவரும் கலியாணத்தைப் பதிந்தீர்கள். பதிந்த கடதாசி ஒன்றுதான் இன்றைக்குக் கையில் இருக்கிறது. அதில் இருப்பது உயிலுக்குப் பிந்திய திகதி.

"ஐயா, பிரான்சிலை உயில் எழுதிப்போட்டு எத்தினை தரம் கலியாணம் கட்டினாலும் உயிலுக்கு ஒண்டும் நடவாது," என்றாள், உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க நான் பிடித்த சட்டத்தரணிப் பிள்ளை. "இஞ்சை அப்பிடியில்லை. உயிலுக்குப் பிறகு கலியாணம் எண்டால், அந்த உயில் செல்லாது."

"அக்கா பிரான்சுப் பிரசை எல்லோ, பிள்ளை?"

"ஆள் எந்த நாட்டுப் பிரசையாயும் இருக்கட்டும். வீடு இணுவிலிலை கிடக்குது. வீடு கிடக்கிற இடத்துச் சட்டம்தான் வீட்டுக்கு."

நான் விடவில்லை. நான் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் என்பது உனக்குத் தெரியும். இங்கிலீசு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். அவள் சொன்னது சரி. அதில்தான் எனக்குக் கூடக் கோபம். உயில் செல்லாவிட்டால் பாதி வீடு குலசிங்கத்தாருக்கு.

"ஒரு வழி கிடக்குது," என்றாள். "பதியாட்டிலும், முறைப்படி சடங்கு நடந்தால் இஞ்சை அது கலியாணம்தான். சந்நிதியிலை நடந்ததுதான் கலியாணம் எண்டு காட்டினால், தாலி முதல், உயில் பிறகு. உயில் நிக்கும். தாலி கட்டேக்கை ஆர் நிண்டது?"

நின்றது பூசகரும் குலசிங்கத்தாரின் சிநேகிதர் ஒருவரும். இருவரும் இப்போது உயிரோடு இல்லை. கோபுரத்துக்கு முன்னால் நீங்கள் மாலையோடு நிற்கும் படத்தைக் காட்டினேன்.

"மாலையோடை நிண்டு படம் எடுத்தவையெல்லாம் புருசன் பெண்சாதி எண்டால் அரசியல்வாதிமார் பாவம், ஐயா," என்றாள். பிறகு கேட்டாள், "பொம்பிளை வீட்டுப் பக்கம் ஆரும் ஏதும் செய்தவையோ?"

உனக்கு ஞாபகம் இருக்கும். தோழனாக வந்து நில் என்று பிரான்சில் இருந்து கேட்டாய். "ஒருக்கா வாசல் படலையிலை நிண்டு மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவி மோதிரம் வாங்கியிட்டன். அது காணும்," என்றேன். பெண்ணின் தம்பி ஒரு தரம் செய்கிற வேலை அது. உனக்கு அறுபது வயது கடந்தபின், என்னிடம் ஒரு சொல் கேட்காமல் எல்லாம் முடிவெடுத்துவிட்டு, தோழனுக்கு மட்டும் என்னைக் கேட்டால் எப்படி? இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தாலி கட்டிய அன்று அடைமழை. நீங்கள் தொண்டைமானாற்றுக் கோயிலில் இருந்து வான் வண்டியில் வந்து இறங்கினீர்கள். வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுவதும் சேறு. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படலைக்குள் வந்தார். நான் அந்தக் கிழமைதான் விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து போட்டிருந்தேன். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"உந்தக் காலோடை உள்ளுக்கை வராதைங்கோ," என்று சொல்லி, நானே அவர் காலில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன்.

மனிதர் ஒவ்வொரு காலாகக் காட்டினார். பிறகு தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி என் விரலில் போட்டார். அது விரல் மொளியில் இறுகி நின்றது. நீ சிரித்த சிரிப்பு முன்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"பாத்தியளே, வரமாட்டன் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு உவன் தன்ரை வேலையைச் செய்துபோட்டான்."

"சேறு கழுவினனான், அக்கா," என்றேன்.

"ஓம் ஓம், சேறுதான்," என்றாய். அதன்பிறகு ஒவ்வொரு ரெலிபோனிலும், "சேறு கழுவினவர் சுகமோ?" என்றுதான் தொடங்குவாய். அந்தப் பகிடி எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இதைச் சொன்னதும் சட்டத்தரணிப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தாள். "ஐயா, இதைத்தான் நான் இவ்வளவு நாளும் தேடினனான். பொம்பிளையின்ரை தம்பி கால் கழுவி மோதிரம் வாங்கினதும் சடங்குதான்."

குலசிங்கத்தார் தாமாகவே பேசினார். "தம்பி, எனக்கு அந்த வீட்டிலை பங்கு வேண்டாம். வாற பங்கை உமக்கு எழுதித் தாறன்."

"நீங்கள் தந்து நான் வாங்கிறதோ? அக்கா தந்ததை அக்கா தந்ததாத்தான் எடுப்பன்."

"அப்ப சந்நிதியிலை நடந்ததுதான் கலியாணம் எண்டு கோட்டிலை சொல்லும். நானும் அதைத்தான் சொல்லப்போறன். எனக்கு அதுதான் கலியாணம். மற்றது கடதாசி."

அப்படிச் சொன்னால் அவருடைய பாதி போய்விடும். தெரிந்துகொண்டே சொன்னார். நானோ இத்தனை வருடமும் அது ஒரு கலியாணமே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். இப்போது கலியாணம்தான் என்றால், வீட்டுக்காக நாக்கைப் பிரட்டிவிட்டான் என்பார்கள். சொல்லட்டும். அது என்னைத் தடுக்காது. நான் பொய் சொல்கிறவன் இல்லை, அக்கா, அதுதான் தடுக்கிறது. அது சேறு. நான் கழுவியது சேற்றைத்தான்.

வழக்குத் தவணைக்குப் போவதும் அது தள்ளிப்போவதும் பஸ்ஸில் திரும்பி வருவதுமாக முழங்கால் விட்டுப்போச்சு. நீ கையெழுத்து வைத்த ஒரு சொல் நிற்க வேண்டும் என்பதற்காக மட்டும் போகிறேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினையாதே.

அடுத்த தவணையில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். என்ன சொல்வேன் என்று உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றியது சேற்றுக்காக என்பேன். அவர் மோதிரம் போட்டபோது நான் கையை இழுக்கவில்லை என்றும் சொல்வேன். திருப்பிக் கொடுக்க எத்தனையோ நாள் இருந்தது, கொடுக்கவில்லை. சேற்றுக்காக யாரும் மோதிரம் வாங்குவதில்லை. சாட்சிக்கு அவர் என்ன முறை என்று கேட்டால், அத்தான் என்பேன். இதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. முதல் தரம் கோட்டில் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

திவசத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறார். இந்த வீட்டில்தான் தங்குவார். இப்போது கோடை, ஒழுங்கை காய்ந்து கிடக்கிறது, அவர் காலில் சேறு இராது. இருந்தாலும் செம்பில் தண்ணீரோடு படலையில் நிற்பேன்.

இரண்டு கலியாணத்துக்கும் உனக்குத் தோழனாக நின்ற,
உன் தம்பி.