பேக்கிங் ஆளுக்குப் பெயின்ட் தாத்தா என்று பேர்

கவரைப்பேட்டை
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் மோனிகாவுக்கு நைனா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் மகள் பிரின்சியும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய் வருகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போன் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதோடு நான் சொல்லப்போவதை அவள் எதிரில் சொன்னால் சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள். நாளைக்கு நம்ம குணா மஸ்கட் கிளம்புகிறான், எள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பிரின்சி கொடுத்த இரண்டு தாள், எல்லாவற்றோடும் இதையும் கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை காட்டுப்பள்ளியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையோடு இருந்துவிட்டுப் போனார், ஷிப்ட் மாறி மாறி வருவதில் ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறார், நீ கேட்டால் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன். பிரின்சிக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் பார்க்க அழகாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவில் மூன்றாவது வீட்டு அரசப்பனை உனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த கம்பெனியில்தான் அவனும், நான் பெயின்ட் ஷாப், அவன் பேக்கிங். இரண்டு பேரும் ஒரே வருஷம் ரிட்டயர் ஆனோம். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து அவன் வீட்டு வாசலில் தெருப்பிள்ளைகள் பத்துப் பேர். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரிக்கிறான், அதன்மேல் காலண்டர் தாளைத் திருப்பிப் போடுகிறான், தயிர் டப்பாவில் கலரைக் கரைத்து வைக்கிறான், ஆளுக்கு ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு சீப்பு. தாள்மேல் கொய்யா இலையோ வேப்பங்கொத்தோ வைத்துவிட்டு, பிரஷ்ஷைக் கலரில் தொட்டுச் சீப்பில் தேய்த்தால் பொடிப்பொடியாகத் தெறிக்கிறது. இலையை எடுத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இலை மாதிரியே நிற்கிறது. நாங்கள் கம்பெனியில் டேப் ஒட்டி மறைத்து அடிப்போமே, அதேதான், அதில் அவனுக்கு என்ன தெரியும்? போனில் எதையோ பார்த்துக் கற்றுக்கொண்டானாம். ஆனால் பிள்ளைகள் அவனுக்கு வைத்திருக்கிற பேர் பெயின்ட் தாத்தா. இருபத்தேழு வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்து பம்புக்கெல்லாம் நீலம் அடித்தவன் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், பெட்டிக்குப் பட்டை போட்டவன் பெயின்ட் தாத்தா. எனக்கு வயிறு எரிகிறது மோனிகா, உன்னிடம் மறைப்பானேன்.

சும்மா எரிந்துகொண்டு இருக்கவில்லை, நானும் ஒரு சனிக்கிழமை நம் வாசலில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் வைத்தது ஆறு கலர், நான் வாங்கியது பன்னிரண்டு. முதலில் தாளைத் துணியால் துடைக்கணும், ஓரத்தில் டேப் ஒட்டணும், கையை ஒரே உயரத்தில் வைத்து நேர்கோட்டில் கொண்டுபோகணும், ஒரு சொட்டுகூட வழியக்கூடாது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். நம் பிரின்சியின் தாளில் சிவப்பு வழிந்து ஓடியது. பழக்கதோஷம், என்னை அறியாமல் இது ரிஜெக்ட் என்று சொல்லி எடுத்து ஓரம் வைத்துவிட்டேன். நான் டேப் வெட்டி நிமிர்வதற்குள் வாசலில் ஒரு பிள்ளை இல்லை, எல்லாம் அரசப்பன் வீட்டில். மறுநாள் நான் பால் வாங்கப் போகும்போது ஒரு பொடிசு என்னைப் பார்த்து, ரிஜெக்ட் தாத்தா எங்க போய்க்கினு கீறே என்று கேட்கிறது. உன் அம்மாவிடம் சொன்னால், அறுபது வயசுக்கு மேல பொடிப்பசங்களோட போட்டி போட்டுக்கினு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரிக்கிறாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். புதன்கிழமை பிரின்சி ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து காட்டினாள், அம்மாவுக்கு அனுப்ப என்றாள். இலைக்குப் பதில் கையை வைத்துத் தெறித்திருக்கிறார்கள். நடுவில் அவள் கை, பக்கத்தில் உன் அம்மாவின் கை, இந்தப் பக்கம் அரசப்பன் கை, விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் நீளம். என் கை இல்லை. என் பேத்தி என் மகளுக்கு அனுப்புகிற தாளில் பேக்கிங் அரசப்பன் கை இருக்கிறது, என் கை இல்லை. ஏன் பாப்பா என்று கேட்டேன். நீ வந்தா திட்டுவே தாத்தா, அதான் கூப்டல என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று நான் நாஷ்டாவைத் தொடவில்லை.

உன் அம்மா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு வார்த்தைதான் சொன்னாள், பெத்த பொண்ணுக்குப் பண்ணதுதானே பேத்திக்கும் பண்ணுவே என்றாள். எனக்கு உடனே புரிந்தது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, நான் மீந்த டப்பாவில் கொண்டுவந்த நீலத்தைத் துடைப்பக்குச்சியில் தொட்டு, புதிதாக அடித்த கதவு பூராவும் தெளித்து வைத்திருந்தாய். நைனா வா, மழை பேய்து பாரு என்று கூப்பிட்டாய். நான் பார்க்கவில்லை, முதுகில் ஒன்று வைத்தேன். அதற்கப்புறம் நீ பெயின்ட்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் கதவை அன்றைக்கே மறுபடி அடித்து மறைத்துவிட்டேன், நல்ல பினிஷிங் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரசப்பன்மேல் எனக்கு ஏன் இவ்வளவு பொறாமை என்றால், நீ கூப்பிட்டபோது நான் செய்யாததை அவன் யார் பிள்ளைகளுக்கோ செய்கிறான். தப்பு என்னுடையது கண்ணு.

நேற்று வெட்கத்தை விட்டு அரசப்பன் வாசலுக்குப் போனேன். அவன் ஒன்றும் கேட்காமல் அட்டையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான், அதுவும் எனக்கு எரிச்சல்தான். பெரிய தாளில் இடம் இல்லை என்று பிரின்சி வேறு தாள் எடுத்தாள், ரிஜெக்ட்டுன்னு சொல்லக்கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கினாள். கையை வைத்தேன். அவள் தேய்த்த தேய்ப்பில் என் கட்டைவிரலுக்குக் கீழே நீலம் வழிந்து தாளின் விளிம்பு வரை ஓடியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓகே என்றேன். இன்னொரு தடவை சொல்லு என்றாள், சொன்னேன். கம்பெனியில் ஸ்டிக்கர் ஒட்டுவது போல அவளே பென்சிலால் ஓகே என்று கீழே எழுதிவிட்டாள். என் கைக்குப் பக்கத்தில் வெறுமனே இருக்கிற இடம் உனக்காம், அங்கே ஒன்றும் தெறிக்காமல் அட்டையால் மூடி வைத்திருந்தாள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது, பழைய டூத் பிரஷ் ஒன்றும் சீப்பு ஒன்றும் எடு, கலர் இல்லையென்றால் சொட்டு நீலம் போதும், உன் கையை அந்த இடத்தில் வைத்து இன்னொரு கையால் தேய். வழியட்டும். உன் ரூம் கதவில் பட்டால் துடைக்காதே, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, இந்தத் தடவை நைனா பார்க்கிறேன். மாட்டும்போது நம் தாளை முதலில் மாட்டு, அரசப்பன் கை இருக்கிற தாளை அலமாரிக்குப் பின்னால் மாட்டினாலும் எனக்கு வருத்தம் இல்லை. வெறும் வயிற்றில் டீ குடித்துவிட்டு டூட்டிக்கு ஓடாதே, ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. மாதா உன்னை விட்டு நகராமல் கூடவே இருக்கட்டும், உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் காக்கட்டும்.

உன் நைனா,
மோசஸ்
(பெயின்ட் ஷாப்)