செங்கோட்டையில் தவறிய வண்டி

தென்காசி,
18-7-1961.

அன்பு மிகுந்த தம்பி குத்தாலிங்கத்துக்கு, சிகாமணியின் அம்மா சுகிர்தம் எழுதிக்கொள்வது.

நான் சுகம். ஒரிசாவில் சுரங்கக் காட்டுக்குள் உனக்குக் காய்ச்சல் என்று சிகாமணி எழுதியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. இப்போது விட்டுவிட்டதா? கொசுவலை இல்லாமல் படுக்காதே. இங்கே சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் பாடம் கேட்கிறார்கள்.

சிகாமணி பட்டணத்தில் சந்தோஷமாக இருக்கிறான். கல்லைத் தாள் போல மெலிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நம் ஊர்க் கருங்கல்லே பட்டுச்சேலைக் கடை மாதிரி நிறம் நிறமாகத் தெரிகிறதாம். பக்கம் பக்கமாக எழுதுகிறான். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் இரண்டு தடவை படிக்கிறேன். டாக்டர் பட்டத்துக்கும் பதிந்துவிட்டான்.

இதே பிள்ளைதான் போன வருஷம் பொறுக்கி வைத்த கற்களையெல்லாம் கிணற்றில் போட்டான். லீவுக்கு வந்தவர்கள் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு செண்பகாதேவி அருவிக்கு மேலே போனீர்களே, பாசியில் வழுக்கி விழுந்தானே, அன்று அவனை முதுகில் சுமந்து இறக்கியவன் நீ. முழங்கால் மடங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு, "மலையேற முடியாதவனுக்கு எதுக்கும்மா ஜியாலஜி" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். நீ அல்லவா பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாசித்து வாசித்து எம்.எஸ்ஸி. பரீட்சைக்கு எழுப்பினாய்.

பிறகு பட்டணத்தில் நீங்கள் படித்த கல்லூரியிலேயே ஆய்வுக்கூட வேலை ஒன்று வந்தது. ஒரே இடம். உங்கள் இரண்டு பேரையும்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பில் முதலாவது நீ. நீ செங்கோட்டையிலேயே ஏறி வருவதாகப் பேச்சு. தென்காசி ஸ்டேஷனில் வண்டி நின்றதும் சிகாமணி கம்பை ஊன்றிக்கொண்டு பெட்டி பெட்டியாக உன்னைத் தேடினான். நீ செங்கோட்டைக்கு வந்து சேருமுன் வண்டி போய்விட்டது என்று பிற்பாடு எழுதினாய். "அதிர்ஷ்டம் எனக்கு, கஷ்டம் அவனுக்கு" என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறான்.

போன சனிக்கிழமை குற்றாலத்தில் பஸ்சுக்கு நிற்கும்போது உன் அம்மா வடிவம்மாளைப் பார்த்தேன். அருவியில் குளித்துவிட்டு வடகரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், பாவம், வண்டி தவறிப் போச்சே என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "எங்க தவறவிட்டான், டீச்சர்? அன்னைக்கு வாசப்படியே தாண்டலையே! நான் கட்டிக் கொடுத்த புளிச்சோத்த மத்தியானம் வீட்டுலயே இருந்து தின்னான். ஏன்லேன்னு கேட்டா, அந்த வேல ஒருத்தனுக்குத்தாம்மா, எனக்குக் காலு நல்லாத்தான இருக்குன்னு சொல்லுதான்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாரலில் முகம் நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

சிகாமணிக்கு இதைச் சொல்லவில்லை. தெரிந்தால் அன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பான், அவன் குணம் உனக்குத் தெரியாததா? அவனிடம் வாய் திறக்க வேண்டாம் என்று வடிவம்மாளிடமும் சொல்லி வைத்தேன். உன்னிடம் நன்றி என்று எழுதப் பார்த்தேன். கடைக்காரரிடம் சொல்வது போல இருந்தது, அடித்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேள். வடகரையில் இரண்டு நாள் இருந்துவிட்டு இங்கே வா. சிகாமணியும் வருவான். நெய்மீன் குழம்பு வைக்கிறேன். உடம்பு தேற வேண்டும்.

ராத்திரி ஜெபத்தில் உன் பெயரையும் சொல்லுகிறேன். உங்கள் சுடலைமாடன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். கர்த்தர் எனக்குக் கொடுத்தது ஒரே பிள்ளை. ஆனாலும் இப்போதெல்லாம் முழங்காலில் நின்றால், "என் பிள்ளைகளைக் காத்தருளும்" என்றுதான் வாய் சொல்லுகிறது.

இப்படிக்கு,
அம்மா,
சுகிர்தம்.