கலவன்

மகளுக்கு,

மைசூரில் இப்போது கோதுமை ஆராய்ச்சி வயலில் வேலை. முன்பு விதைப் பண்ணையில் வேற ஜாதிச் செடி தெரிந்தால் கலவன் என்று பிடுங்குவோம். அதே பழக்கத்தில் நேற்று ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். தூர் அதிகம், கதிரும் நீளம். மணியில் இன்னும் பால்தான், விதைக்கு ஆகாது.

ஆராய்ச்சி செய்கிற மேடம் திட்டவில்லை. "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா விளைச்சல் எப்படி ஏறும்? இந்த மாதிரி ஒண்ணைத்தான் இத்தனை வருஷமா தேடுறோம் அண்ணா" என்றார். திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இன்று காலை வாடிக் கிடந்தது.

கலவன் என்ற சொல்லை ஆஸ்பத்திரி வாசலிலும் சொன்னேன், உன் பிள்ளை பிறந்த அன்று, அவனைப் பற்றி. மாப்பிள்ளை காதில் விழுந்தது எனக்குத் தெரியும்.

பையனுக்கு ஐந்து வயசாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலில் உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். யார் ஜாடை என்று கேட்க மாட்டேன்.

அப்பா