முப்பத்தொன்பதாம் டோக்கன்காரர் கேட்கும் சாட்சி

அனுப்புநர்:
இடால்மிஸ் சொட்டோலோங்கோ பெனியா (வயது 44),
கியூபா நாட்டவர், மீன் பதனிடும் ஆலைத் தொழிலாளி,
அறை எண் 3, திருமதி நெல்லி அவர்களின் விடுதி,
பழைய நகரம், மொண்டேவீடியோ.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வெளிநாட்டார் பணி அனுமதி மற்றும் வசிப்புரிமைப் பிரிவு,
மொண்டேவீடியோ.

பொருள்: திரு. யோயெல்விஸ் கர்மெனாத்தே ரிக்கார்டோ என்பவருக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும் என்ற அழைப்புக்குப் பதில் அளித்தல் – அவர் 14.05.2024 அன்று தங்கள் அலுவலக வாசலில் செய்த துரோகம் குறித்துப் புகார் அளித்தல் – என் மகளின் விண்ணப்பத் தேதியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அழைப்புக் கடிதம், நாள் 25.11.2024.
2. என் முதல் முறையீட்டின் மீதான தங்கள் பதில், நாள் 02.07.2024.
3. வாயில் காவலர் குறிப்பேடு, பக்கம் 112.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வை 1-இல் கண்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். திரு. யோயெல்விஸ் நிரந்தர வசிப்புரிமை கேட்டிருக்கிறார் என்றும், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவரை நேரில் அறிந்தவர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்றும், வரும் டிசம்பர் 12 காலை பத்து மணிக்கு நான் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றும் அதில் கண்டுள்ளது. அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்பதைக் கீழே பணிவுடன் விளக்குகிறேன்.

1. கடந்த மே மாதம் இணைய முன்பதிவு பழுதாகியிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் நேரில் வரும் நாற்பது பேருக்கு மட்டும் டோக்கன் என்று தங்கள் அலுவலகம் அறிவித்தது. என் பணி அனுமதி விண்ணப்பத்துடன் என் மகள் லெயானிஸின் பெயரையும் சேர்க்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு நிறையாமல் இருந்தால்தான் தாயின் அனுமதியோடு சேர்ப்பார்கள். லெயானிஸுக்குப் பதினெட்டு நிறைவது மே 17, வெள்ளிக்கிழமை. ஆகவே மே 14, செவ்வாய்தான் எனக்கிருந்த ஒரே நாள்.

2. அன்று காலை ஐந்து ஐம்பதுக்குத் தங்கள் வாசலுக்கு வந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் நாட்டு வழக்கப்படி, வந்ததும் "கடைசி யாரு?" என்று கேட்டேன். "நான்தான் அக்கா" என்று கை தூக்கியவர் இந்த யோயெல்விஸ்.

3. இந்த வழக்கத்தைப் பற்றித் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. கியூபாவில் ரொட்டிக்கும் வரிசை, மருந்துக்கும் வரிசை, பேருந்துக்கும் வரிசை. நாள் முழுக்கக் காலால் நிற்க யாராலும் முடியாது. அதனால் வருகிறவர் கடைசி ஆள் யார் என்று கேட்பார். "நான்" என்று சொன்னவர், பின்னால் வந்தவரின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நிழலில் உட்காரலாம், வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டும் வரலாம். திரும்பி வரும்போது முன்னால் இருப்பவர் "ஆமா, இவங்க எனக்குப் பின்னாடி" என்று சொல்வார். சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் கட்டிய மனைவியிடம் பொய் சொன்னவனை மன்னித்திருக்கிறார்கள். வரிசையில் பொய் சொன்னவனை மன்னித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாடு விட்டு நாடு வந்தும் இதே வழக்கத்தை நம்பியது என் தவறு. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஒப்புக்கொள்கிறேன்.

4. ஏழே காலுக்கு யோயெல்விஸ் என் காகிதக் கட்டை வாங்கிப் புரட்டினார். "மக பிறப்புச் சான்றுக்கு ரெண்டு நகல் கேப்பாங்க அக்கா, உங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. முக்குக் கடையை இப்பத் திறந்துருவான். போயிட்டு வாங்க, நான் இருக்கேன்ல" என்றார். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்த நேரத்தில் அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நகல் உண்மையிலேயே இரண்டு தேவைப்பட்டது. நான் போனேன். கடைக்காரர் எட்டு மணிக்குத்தான் வந்தார்.

5. அந்த இடைவெளியில், அப்போது அவருடைய காதலியாயிருந்த யானிஸ்லெய்டி என்பவர் உதட்டுச் சாயத்தோடு வந்து சேர்ந்தார். நான் எட்டு இருபத்தைந்துக்கு ஓடி வந்தபோது யோயெல்விஸ் கையில் முப்பத்தொன்பதாம் டோக்கன். எனக்கு வர வேண்டிய நாற்பதாம் டோக்கனால் அந்தப் பெண் விசிறிக்கொண்டிருந்தார்.

6. காவலர் திரு. வாஷிங்டன் ஒலிவேரா அவர்களிடம் முறையிட்டேன். கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே தேநீர்க் குவளையுமாக அவர் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, இந்த ஊர்ல ஆளு நின்னாத்தான் வரிசை. வாய்ப்பேச்சுக்கு டோக்கன் குடுக்க எனக்கு உத்தரவு இல்ல. ஆனாலும் கேட்டுப் பாக்குறேன்" என்று யோயெல்விஸ் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, இவங்க உனக்குப் பின்னாடி நின்னாங்களா?" என்று கேட்டார். யோயெல்விஸ் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இந்தம்மாவையா? என் பொழப்புல பாத்ததே இல்ல சார்" என்றார்.

7. ஐயா, அன்றைக்கே எங்களுக்கு இரண்டு வருடப் பழக்கம். இருவரும் ஒல்கீன் நகரத்துக்காரர்கள். ஒரே விடுதி, ஒரே சமையலறை, குளிர்பதனப் பெட்டியில் ஒரே தட்டு. ஞாயிற்றுக்கிழமை நான் வைக்கும் கறுப்பு மொச்சையைப் பிரஷர் குக்கரிலிருந்தே கரண்டி போட்டுத் தின்றவர் அவர். முதல் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வாயால்தான் என்னைப் பார்த்ததே இல்லை என்றார். நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்த ஒரு டொமினிக்கன் அம்மாள், "ஏண்டி, வரிசையில நிக்க உன் நிழலை அனுப்பிட்டு நீ தூங்கப் போயிட்டியா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். யோயெல்விஸும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் மறக்கவில்லை.

8. தகராறு என்பதால் காவலர் குறிப்பேட்டில் எழுதினார். பக்கம் 112: "காலை 8.27. டோக்கன் தொடர்பாகத் தகராறு. இடால்மிஸ் சொட்டோலோங்கோ என்பவர் ஆவணங்களுடன் வந்து, தான் முப்பத்தொன்பதாம் எண்ணுக்குப் பின்னால் இருந்ததாகக் கூறுகிறார். அவ்வெண்ணுக்குரிய யோயெல்விஸ் கர்மெனாத்தே இவரை ஒருபோதும் பார்த்ததில்லை என்கிறார்." கீழே இருவர் கையெழுத்தும் உள்ளது. அவருடைய கையெழுத்து அழகாக, வால் சுழித்து இருக்கும்.

9. அடுத்த செவ்வாய் மே 21. அன்று விண்ணப்பித்தேன். எனக்குப் பணி அனுமதி வந்தது. லெயானிஸ் நான்கு நாள் வித்தியாசத்தில் வயது கடந்தவர் என்று நீக்கப்பட்டார். நான் செய்த முறையீட்டுக்கு, "தாங்கள் மே 14 அன்று வாசலில் இருந்ததைக் குறிப்பேடு காட்டுகிறது, நாற்பது பேருக்குள் இருந்ததைக் காட்டவில்லை. முன்னால் இருந்தவர் உறுதி செய்தால் பரிசீலிக்கலாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் நான் குறை காணவில்லை. முன்னால் இருந்தவரிடம் போனேன். "நடந்தது நடந்துபோச்சு அக்கா. இப்ப மாத்திச் சொன்னா என் ஃபைலுக்குக் கேடு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

10. லெயானிஸ் ஏப்ரலிலேயே பெட்டி கட்டிவிட்டாள். பெட்டி இன்னும் ஒல்கீனில் வாசற்கதவு ஓரம்தான் நிற்கிறது. அதிலிருந்து துணி எடுத்து உடுத்துகிறாள், துவைத்து மடித்து அதிலேயே திரும்ப வைக்கிறாள். அலமாரியில் வைக்க மாட்டேன் என்கிறாள். தொலைபேசியில் அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. இந்த வார்த்தை மனுவில் இடம்பெறத் தகாதது என்றால் மன்னிக்கவும். வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

11. அன்று முதல் மொச்சையை நிறுத்திவிட்டேன். குக்கரை என் அறையில் பூட்டி வைத்திருக்கிறேன். மாடியறைக்கு மாறிக்கொண்ட யோயெல்விஸ் இரவில் இருமுவது எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். யானிஸ்லெய்டி அவர்கள் ஆகஸ்டில் ஒரு பிரேசில் லாரி ஓட்டுநரோடு எல்லையோர ரிவேரா பக்கம் போய்விட்டார். இவை அலுவலகத்துக்குத் தேவையில்லாத விவரங்கள் என்று அறிவேன். கோப்பு முழுமையாக இருக்கட்டும் என்று சேர்த்துள்ளேன்.

12. இப்போது அவருக்கு நிரந்தர வசிப்புரிமை வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு அறிந்த சாட்சி வேண்டும். விடுதியில் எல்லோரும் ஆறு மாதத்தில் வந்து போகிறவர்கள். வீட்டுக்கார அம்மையார் திருமதி நெல்லி, "அந்தப் பயலுக்கு நல்ல வார்த்தை சொல்ல என் பல்லு இடம் குடுக்காது" என்று மறுத்துவிட்டார். மிச்சமிருப்பது நான் ஒருத்தி. என்னிடம் கேட்காமலேயே என் பெயரை எழுதிவிட்டு, கடந்த ஞாயிறு என் அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு டின் கொய்யாப் பாகு. இந்த ஊரில் அது கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

13. "அக்கா, ஒரே ஒரு வார்த்தை. என்னைத் தெரியும்னு சொன்னாப் போதும்" என்றார். "நீங்கதான் என்னைப் பாத்ததே இல்லையே தம்பி. நீங்க பாக்காதவ எப்படி சாட்சி சொல்றது?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு அவளைப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு. உங்களுக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன்" என்றார். "அப்ப நடந்ததை எழுதிக் குடு" என்றேன். "எழுதிக் குடுத்தா சாட்சி சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "உன்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அத்தனையும் சொல்றேன். ஒண்ணு விடாம" என்றேன். என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அத்தனையும் என்றால் எது எது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

14. சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் தம் கைப்பட எழுதியது: "14.05.2024 காலை 5.50 முதல் திருமதி இடால்மிஸ் எனக்கு அடுத்து வரிசையில் இருந்தார். நாற்பதாம் இடம் அவருடையது. காவலரிடம் நான் சொன்னது பொய்." கீழே அடையாள எண், அதே வால் சுழித்த கையெழுத்து. அசல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நகலும் இரண்டு வைத்துள்ளேன்.

15. ஆகவே கனிவுடன் வேண்டிக்கொள்வது: பார்வை 2-இல் தாங்கள் கேட்ட உறுதிமொழி இப்போது தங்கள் கையில் உள்ளது. லெயானிஸின் விண்ணப்பத்தை மே 14 தேதியிட்டதாக ஏற்று, வயது கடந்தவர் என்ற குறிப்பை நீக்கி, அவள் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கு வர அனுமதி வழங்க வேண்டுகிறேன்.

16. அடுத்து, சாட்சியம். நான் வாக்கு மாறுகிறவள் அல்ல. இந்த மனுவையே என் சாட்சியத்தின் முதல் பாகமாகக் கொள்ளவும். திரு. யோயெல்விஸ் அவர்களை இரண்டு ஆண்டு ஏழு மாதமாக நேரில் அறிவேன். நன்றாக அறிவேன். அரசு அலுவலக வாசலில், அரசுக் காவலர் முன்னிலையில், கையெழுத்திட்டுப் பொய் சொல்லக்கூடியவர் என்றும் அறிவேன். அதற்கு அவர் எழுத்தே ஆதாரம். அவருடைய கோப்பில் பக்கம் 112-ஐயும் அவர் இப்போது எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் எது உண்மை என்று அவரைக் கவுன்டரில் நிறுத்தி, வரிசைக்குக் கேட்கும்படி உரக்க விசாரிக்க வேண்டுகிறேன்.

17. விண்ணப்பம் தள்ளுபடியானால் ஓராண்டு கழித்துத்தான் மீண்டும் கேட்க முடியும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஓராண்டு போதும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் மகள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எப்படிப் போகிறது என்று அவருக்கும் தெரியட்டும். இது பழிவாங்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டதா என்று தாங்கள் கேட்டால், ஆம் என்பதே என் பதில். பழிவாங்கும் நோக்கம் இருப்பதால் இதில் சொன்ன எதுவும் பொய்யாகிவிடாது. கொய்யாப் பாகு டின்னைத் திருப்பித் தரும் உத்தேசம் எனக்கு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அது லெயானிஸுக்கு.

18. சாட்சிகளும் வாசல் வரிசையில் வந்தே உள்ளே நுழைய வேண்டும் என்று தங்கள் கடிதத்தில் உள்ளது. அப்படியே வருகிறேன். டிசம்பர் 12 காலை ஆறு மணிக்கு வருவேன். யோயெல்விஸுக்கு ஆசை அதிகம், எனக்கு முன்பே வந்திருப்பார். பழக்கப்படி "கடைசி யாரு?" என்று கேட்பேன். அப்போது காவலர் வாஷிங்டன் அவர்களைக் குறிப்பேட்டுடன் பக்கத்தில் நிறுத்திவைக்க அருள்கூர்ந்து உத்தரவிடுங்கள். தமக்குப் பின்னால் நிற்பது யார் என்று யோயெல்விஸ் தம் வாயாலேயே சொல்லட்டும்.

நாள்: 04.12.2024
இடம்: மொண்டேவீடியோ

இப்படிக்கு,
தன் முறை வரும்வரை நகராத,
(ஒப்பம்)
இடால்மிஸ் சொட்டோலோங்கோ பெனியா

இணைப்பு: 1. யோயெல்விஸ் கர்மெனாத்தே எழுதிய கடிதம், அசல்.
2. குறிப்பேட்டின் பக்கம் 112, நகல்.
3. லெயானிஸின் பிறப்புச் சான்று, இரண்டு நகல்கள்.