நாலாவது கட்டில்

பிப்ரவரி 3, செவ்வாய்

பல்கலைக்கழக விடுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன், கீழிருந்து மேலாக ஒரு முறை. இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்குக் குலுக்கல் முறையில் இடமாம். நன்றாகவே குலுக்கியிருக்கிறார்கள், நான் வெளியே வந்து விழுந்துவிட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனலஸின் அறைக்கு வந்தேன். சோம்பா ஊரின் சிக்காண்டா பகுதியில் ஒரு கட்டடத்தில் அவளும் சிம்வெம்வேயும் வாடகைக்கு இருக்கிறார்கள். போன வருஷம் முழுக்க மூவரும் ஒரே பெஞ்சு. எனலஸின் கட்டிலில் இப்போது அவள் தலைமாட்டில் என் கால், என் தலைமாட்டில் அவள் கால். அவளுக்குப் பெரிய மனது. கால் அதைவிடப் பெரியது.

இங்கேயும் நீடிக்க முடியாது. கட்டடக்காரர் கடைகள் கட்டப் போகிறாராம், மாதக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டுமாம். ஆக, மூவருக்குமே வீடு வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

தரகர் ஒருவர் கிடைத்தார். "காலேஜ்ல இருந்து அஞ்சு நிமிஷ நடை, தங்கச்சி" என்றார். நாற்பது நிமிடம் நடந்தோம். அது யாருடைய அஞ்சு நிமிஷம், மினிபஸ்ஸுடையதா என்று சிம்வெம்வே கேட்டாள். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. மழை இல்லாத நாளில் அஞ்சுதான் என்றார்.

வீட்டில் மூன்று அறைகள். நடு அறை வீட்டுக்காரருடையது. முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போக வேண்டுமென்றால் அவர் கட்டிலைச் சுற்றித்தான் வழி. படுத்தபடியே எங்களை அன்பாக வரவேற்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கால் வலி. எனலஸின் கால், என் விலாவில்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று பார்த்த வீடு வாசலிலேயே பிடித்துப்போயிற்று. சிமெண்ட் தரை, முற்றத்திலேயே தண்ணீர்க் குழாய், சன்னலைத் திறந்தால் சோம்பா மலை. சன்னலைத் திறந்ததுதான் தப்பு. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சோள மாவு மில். அது ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்காரரிடம் சைகையில்தான் வாடகை பேச முடிந்தது. வெளியே வரும்போது மூவருக்கும் தலை நரைத்திருந்தது. "டிகிரி வாங்குறப்போ இப்படித்தான் இருப்போம்" என்றாள் சிம்வெம்வே.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீடு அமைகிறபோது அமையட்டும், ஒழுங்கு முன்னாலேயே அமைய வேண்டும். உட்கார்ந்து விதிகள் எழுதினேன். பத்தொன்பது வந்தன. அடுப்பு யாருக்கு எப்போது, பாத்திரம் எத்தனை நிமிடத்துக்குள் கழுவப்பட வேண்டும், பாட்டு எந்த நேரத்தில் பாடலாம் (இது சிம்வெம்வேக்காகவே எழுதியது). வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூச்சு விட அனுமதி உண்டா என்று சிம்வெம்வே கேட்டாள்.

கையோடு அறையையும் சரி செய்தேன். கப்புகளை உயர வரிசையில் அடுக்கினேன். எனலஸின் துணிகளை மறுபடி மடித்து வைத்தேன், அவளுக்கு மடிக்கத் தெரியவில்லை. வந்து பார்த்து "ம்" என்றாள். பிடித்திருக்கிறது போல.

பிப்ரவரி 21, சனி

எழுத வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

சந்தையில் உசிபா என்ற பொடி மீன் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தரகர் எதிரே வந்தார். வாழ்த்தினார். எதற்கு என்றேன். "உங்க கூட்டாளிங்க நேத்து லிகோஸ்வே அம்மா வீட்டைப் பேசி முடிச்சாங்களே, தங்கச்சி. இன்னொரு பொண்ணும் கூட வந்துச்சு. நீங்க வரலியேன்னு நானே கேட்டேன்" என்றார்.

இன்னொரு பொண்ணு! நான் இங்கே இவங்களுக்குக் கருவாடு பேரம் பேசிட்டிருக்கேன், அவங்க எனக்குத் தெரியாம வீடு பேசி முடிச்சிருக்காங்க. நாற்பது நிமிஷம் சேத்துல கூட நடந்தவ யாரு? மாவுல நரைச்சவ யாரு? என்ன பண்ணிட்டேன் நான் — துணி மடிச்சது குத்தமா?

கருவாட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கேட்டேன். சிம்வெம்வே எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள், வாளியை எடுக்காமல்.

எனலஸ்தான் பேசினாள். ஒரு வாரமாகச் சொல்லப் பார்த்தாளாம், தைரியம் வரவில்லையாம்.

"நீ நல்லவடி. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ என்கூட இருந்தது நீதான். ஆனா உன்கூட இருக்கிறப்போ என் ரூம்லயே நான் விருந்தாளியா இருக்கேன். என் கப் எங்க இருக்குன்னு உன்கிட்ட கேட்டுத்தான் தண்ணி குடிக்கிறேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது என் கை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? அவள் போர்வையின் ஓரத்தை நேராக இழுத்துக்கொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்த்தோம்.

பிப்ரவரி 23, திங்கள்

மத்தாவலேயில் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் ஒன்பதாவது ஆள். வகுப்புக்கு மினிபஸ். முதல் வகுப்பு போயிற்று.

இங்கே என் டம்ளரைச் சித்தி ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் வைக்கிறாள். ஓ. இதுதானா அது?

பிப்ரவரி 25, புதன்

தரகரே திரும்ப ஒரு செய்தி சொன்னார். லிகோஸ்வே அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டின் பின்கட்டில் அவர் இருக்கிறார், முன்கட்டு வாடகைக்கு. அதில் நாலு கட்டில், ஒன்று காலி. காலிக் கட்டில் வம்பை விலை கொடுத்து வாங்கும், நாலாவது ஆளோடுதான் குடியேற வேண்டும் என்கிறாராம்.

இரண்டு மணி நேரம் யோசித்தேன். யாரிடமும் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சொல்லித்தான் பழக்கம்.

சாயங்காலம் எனலஸின் அறைக்குப் போனேன். புதியவளும் இருந்தாள்: ஃபைனஸ், உயிரியல் படிக்கிறவள், அதிகம் பேசாதவள். விதிகளைக் கிழித்துவிட்டேன் என்றேன். ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன், பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், சண்டை போடாமல் போய்விடுவேன் என்றேன். எனலஸ் தரையைப் பார்த்தாள். ஃபைனஸ்தான் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு. கேக்காம எதையும் நகர்த்தாத."

பத்தொன்பதை அவள் ஒன்றாகச் சுருக்கிவிட்டாள். விஞ்ஞானி.

மார்ச் 1, ஞாயிறு

குடியேறினோம். நாலாவது கட்டில் கதவோரம், காற்று வருகிறது. விளக்குமாற்றைப் பிடித்த தோரணையிலிருந்தே எங்களில் யார் எப்படி என்று தெரிந்துவிட்டதாக லிகோஸ்வே அம்மா சொன்னார். யார் எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 4, புதன்

இன்று யார் பொருளையும் தொடவில்லை. உள்ளங்கை அரிக்கிறது.

மார்ச் 12, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

கொல்லைப்புறத்தில் ஒரு பழைய வாளி. பாசி பிடித்த தண்ணீர், கெட்ட நாற்றம். மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது என்று நினைத்துக் கவிழ்த்துவிட்டேன். நகர்த்தக்கூட இல்லை, ஊற்றத்தானே ஊற்றினோம் என்று எனக்கு நானே வாதாடவும் செய்தேன்.

அதில் இருந்தவை நத்தைகள். ஃபைனஸின் ஆய்வுக்குப் பத்து நாளாக வளர்த்தவை. எங்களுக்கு முன்னால் வாத்துகள் அங்கே வந்துவிட்டன, லிகோஸ்வே அம்மாவின் வாத்துகள். நன்றாகச் சாப்பிட்டன.

ஃபைனஸ் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியை எடுத்துத் துணிகளை வைக்க ஆரம்பித்தேன்.

"எங்க போற?" என்றாள்.

சித்தப்பா வீட்டுக்கு என்றேன்.

"அப்போ நத்தை யார் பிடிக்கிறது?"

மார்ச் 14, சனி

மழையோடு நானும் ஃபைனஸும் லிக்காங்காலா வயல்களுக்குப் போனோம். வாய்க்கால் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கினால் நோய் வரும், அதனால் இரண்டு பேருக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். என்னுடையது லிகோஸ்வே அம்மாவின் மறைந்த கணவருடையது. ஒரு பூட்ஸில் என் இரண்டு காலும் போகும். சல்லடைக் கரண்டியால் துழாவித் துழாவி, மதியத்துக்குள் பதினேழு நத்தை. நான் அவற்றை அளவு வாரியாகப் பிரித்து வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது.

"ஐயோ, கேக்கல" என்றேன்.

ஃபைனஸ் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். எப்படியும் அவள் அளவு வாரியாகப் பிரிக்கத்தான் வேண்டுமாம். அப்புறம் சிரித்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. வாத்து மாதிரி இருக்கிறது. சொன்னேன். சேற்றை அள்ளி வீசினாள்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒரு மாதம் முடிந்து ஒரு நாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. களி உருட்டிக்கொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன்: மாசம் முடிஞ்சிருச்சே, என்ன முடிவு?

"என்ன மாசம்?" என்றாள் சிம்வெம்வே, நிஜமாகவே தெரியாமல்.

எனலஸ் தன் கறியில் ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் அதை ஓரமாக நகர்த்தினேன். என் தட்டுதானே.

ஏப்ரல் 19, ஞாயிறு

எங்கள் ஊர் டெட்சாவிலிருந்து அம்மா வந்தாள், ஒரு சாக்கு உருளைக்கிழங்கோடு. நான் எப்படி இருக்கிறேன் என்று கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வருமாம். பார்த்தாள். பிறகு சமையலறையைப் பார்த்தாள்.

தோள் பையைக்கூட இறக்கவில்லை. பானைகளைப் பெரிசு சிறிசாக அடுக்கத் தொடங்கிவிட்டாள். உப்பு டப்பா சன்னலுக்குப் போனது. விளக்குமாறு மூலை மாறியது. யார் இந்த அகப்பையை இப்படித் தலைகீழாக மாட்டியது என்று, யாரையும் பார்க்காமல், சுவரிடம் கேட்டாள்.

கதவருகே மூவரும் வரிசையாக நின்றார்கள். எனலஸ் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சிம்வெம்வே வாயில் துணியை அடைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

அம்மாவின் கை ஃபைனஸின் தட்டு மேல் போனது. நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சொரசொரப்பான, சும்மா இருக்கத் தெரியாத கை.

"அம்மா, அது ஃபைனஸ் வச்ச இடம். அங்கயே இருக்கட்டும். வா, உக்காரு. இன்னிக்கு நாங்க சமைக்கிறோம்."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே என் காலரைச் சரி செய்தாள். நான் விட்டுவிட்டேன்.