அரியலூரிலிருந்து கடல் எவ்வளவு தூரம்

அரியலூர்,
11.6.2006

அன்புள்ள லீலாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பொங்கல் வாழ்த்து தவிர வேறு எதிலும் என் கையெழுத்தைப் பார்த்து உனக்குப் பல வருஷம் ஆகியிருக்கும். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் இருக்கிறார்கள். எதிர்வீட்டு ஜெயலட்சுமி அக்கா மட்டும் இரண்டு சுற்று பெருத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். நான் ஒரு புத்தகம் எழுதிவிட்டேன். ‘அரியலூரில் ஒரு கடல் இருந்தது’ என்று பேர். நம் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது கிடைக்கும் சங்கு, சிப்பி, நத்தையெல்லாம் கல்லான கதை. நீ வீடு கூட்டும்போதெல்லாம் காலில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டினாயே, அதே கற்கள்தான். எந்தப் பதிப்பகமும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் ராசிக்கற்கள் பற்றி எழுதினால் பார்க்கலாம் என்று பதில் போட்டார். கடைசியில் நம் கல்யாணப் பத்திரிகை அடித்த பெரம்பலூர் அச்சகத்திலேயே கொடுத்து, சொந்தமாகப் போட்டுவிட்டேன். கட்டுகள் உன் கட்டில்மேல் அடுக்கியிருக்கின்றன. வேறு இடம் இல்லை.

கடைகளில் வைத்தால் தூசி தட்டக்கூட ஆள் இல்லை. நீ பத்திரிகை ஆபீஸில் வரி விளம்பரம் வாங்குகிற இடத்திலிருந்து இன்டர்நெட் விளம்பரத்துக்கு மாறிவிட்டாய் என்று உன் அண்ணன் சொன்னார். அதை எனக்குச் சொல்லித் தருவாயா? யாராவது நாலு பேர் இதைப் படித்தால் போதும் எனக்கு.

அன்புடன்,
பூமாலை


சென்னை,
20.6.2006

திரு. பூமாலை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சொல்லித் தருகிறேன். இரண்டு நிபந்தனைகள்.

ஒன்று, கடிதத்தில் விளம்பரம் பற்றி மட்டும் எழுத வேண்டும். பழைய கதை வேண்டாம். ‘நீ முன்னால போ, ஒரே மாசத்துல நானும் வந்துடறேன்’ என்று சொல்லி 98இல் என்னைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டவருடன் பேசப் பழைய கதை எனக்கு எதுவும் மிச்சமில்லை.

இரண்டு, என் பேர் இன்னும் அங்கே உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறது. அண்ணன் வேளச்சேரியில் வீடு வாங்கியிருக்கிறார். தை மாதம் குடிபோகிறோம். இங்கே கார்டில் என்னைச் சேர்க்க, அங்கே நீக்கிய சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீஸில் வாங்கி அனுப்புங்கள். அதோடு எல்லாம் முடிந்தது.

இனி பாடம். ஒருவர் கம்ப்யூட்டரில் எதையாவது தேடும்போது பக்கவாட்டில் நம் விளம்பரம் வரும். எந்தச் சொல்லைத் தேடினால் வர வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போனால் காசு இல்லை. கிளிக் செய்தால்தான் காசு. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்கலாம். அது தீர்ந்ததும் அன்றைக்கு விளம்பரம் மறைந்துவிடும். தமிழ் எழுத்து பாதிக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். உங்களிடம் கிரெடிட் கார்டு இருக்காது. என்னுடையதைப் போட்டுக் கணக்கு திறந்திருக்கிறேன். ஆன தொகையை மாதக் கடைசியில் மணியார்டர் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
லீலாவதி


அரியலூர்,
16.7.2006

அன்புள்ள லீலாவுக்கு,

பஸ் ஸ்டாண்ட் பக்கம் லப்பைக்குடிக்காட்டுத் தம்பி தௌஃபீக் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். புத்தகத்துக்கு ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்தார். முதல் அத்தியாயம் அதில் முழுசாக இருக்கிறது, கீழே என் போன் நம்பரும். யார் எந்த ஊரிலிருந்து வந்து பார்த்தார்கள் என்று காட்டும் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறார்.

எந்தச் சொல் என்று யோசித்து ‘கடல்’ என்று கொடுத்தேன். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். “சார், அரியலூர் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து பீச் எவ்வளவு தூரம்ங்க? ஃபேமிலியோட வரோம், ரூம் கிடைக்குமா?” என்றார். நான் உண்மையைச் சொன்னேன். ஏழு கோடி வருஷம் முன்னால் வந்திருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே கால் நனைத்திருக்கலாம் என்றேன். வைத்துவிட்டார்.

நிபந்தனை நினைவிருக்கிறது. ஆனாலும் கல்யாணமான புதிதில் சாத்தனூர்க் கல்மரம் பார்க்கப் போய், திரும்பும்போது பஸ் பஞ்சராகி, நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாயே, அதை எழுதாமல் முதல் அத்தியாயம் எழுத முடியவில்லை. இதுவும் விளம்பரம் பற்றியதுதான் என்று வைத்துக்கொள்.

தாலுகா ஆபீஸ் போனேன். கிளார்க் லீவு.

அன்புடன்,
பூமாலை


சென்னை,
25.7.2006

திரு. பூமாலை அவர்களுக்கு,

‘கடல்’ என்று கொடுத்தால் மீன் வாங்குபவனும் வருவான். உங்கள் புத்தகத்தைத் தேடுகிறவர் எதை எழுதித் தேடுவார் என்று அவர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். மணப்பெண் தேவை விளம்பரம் எழுத வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். நாம் யாரென்று கத்தக் கூடாது, யார் வர வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

‘கல்லான சங்கு’, ‘அரியலூர் சுரங்கம்’, ‘கல்மரம்’ என்று கொடுங்கள். குறைவாக வருவார்கள். வருகிறவர்கள் நிற்பார்கள்.

முக்கியமான ஒன்று. உங்கள் விளம்பரத்தை நீங்களே கிளிக் செய்யக் கூடாது. ஆசைக்குக்கூடக் கூடாது. காசு போகும், வேறு யாருக்கும் விளம்பரம் தெரியாமல் போகும். இந்தத் தொழிலில் அதைவிட அசட்டுத்தனம் கிடையாது.

செருப்பு அறுந்துபோயிருந்தது. கையில் எடுக்காமல் என்ன செய்வது? உண்மையை எழுதுகிறவர் முழுசாக எழுத வேண்டும். கிளார்க் லீவு முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
லீலாவதி


அரியலூர்,
27.8.2006

அன்புள்ள லீலாவுக்கு,

ஒரு அசம்பாவிதம் நடந்துவிட்டது. திட்டாமல் படி.

சொற்களை மாற்றினேன். பதினைந்து நாளாகக் காலை பத்து மணிக்கெல்லாம் அன்றைய வரம்பு தீர்ந்துவிடுகிறது. அத்தனை பேரும் அரியலூர். ஒரு புத்தகம்கூடப் போகவில்லை. நம் ஊரிலேயே இத்தனை வாசகர்களா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்றுதான் தெரிந்தது. நம் சுரங்க ஆபீஸ் வெள்ளைச்சாமி வந்து, “அண்ணே, இன்னிக்கும் அமுக்கிட்டேன். எங்க வூட்டுலயும் கூட்டிட்டுப் போயி அமுக்க வச்சேன். குன்னத்துல மச்சானுக்கும் சொல்லி வுட்டுருக்கேன்” என்றான். விசாரித்தால் ஆபீஸ் முழுக்க இதே வேலை. டீக் குடிக்கப் போகும் வழியில் தௌஃபீக் கடையில் நுழைந்து ஆளுக்கொரு அமுக்கு. நான் புத்தகம் போட்டதைக் கல்யாணம் காட்சி போல எடுத்துக்கொண்டு, மொய் எழுதுகிற மாதிரி வரிசையில் நின்று எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் என்னைப் பார்க்கும்போது ‘வந்துட்டுப் போனேன்’ என்று ஒரு தலையாட்டல் வேறு.

காசு போகிறது என்று சொன்னதும் வெள்ளைச்சாமி முகம் சுண்டிப்போயிற்று. “நமக்கு வேண்டியவங்க விசேஷத்துக்குத் தலைய காட்டாம எப்படிண்ணே இருக்கறது?” என்று கேட்டான். பத்துப் பேர் தப்பாக அன்பு காட்டினால் திட்டவா முடியும்?

தாலுகா ஆபீஸில் நகல் இரண்டு கேட்டார்கள். எடுக்க வேண்டும்.

அன்புடன்,
பூமாலை


சென்னை,
4.9.2006

திரு. பூமாலை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்தது தப்பு. சிரித்துச் சிரித்துப் புரையேறி, மேனேஜர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைச்சாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் மனம் இளகக் கூடாது. அரியலூரில் விளம்பரம் தெரியாதபடி நான் இங்கிருந்து மாற்றிவிட்டேன். இனி வருகிறவர்கள்தான் உண்மையான வாசகர்கள்.

இரண்டு நகல் எடுக்க ஒரு நாள்கூட ஆகாது. அண்ணன் தினமும் கேட்கிறார்.

லீலாவதி


அரியலூர்,
5.11.2006

அன்புள்ள லீலாவுக்கு,

நீ சொன்னது சரியாகப் போயிற்று. திருமானூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து எழுதி ஐந்து பிரதி வாங்கினார். கொள்ளிடக் கரையில் சின்ன வயதில் பொறுக்கிய கல் எதுவென்று என் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். ஒரு காலேஜ் வாத்தியார் பையன்களுக்கென்று ஒரு கட்டே வாங்கினார். கட்டில் தலைமாடு தெரிய ஆரம்பித்துவிட்டது.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செப்டம்பரிலிருந்து தினமும் மதியம் ஒன்றரை மணிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார். விளம்பரத்தைக் கிளிக் செய்து, முதல் அத்தியாயத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார். புத்தகம் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. காசு வீண், அவரைத் தடுத்துவிடலாம் என்று தௌஃபீக் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து என் எழுத்தைப் படிக்கிற ஒரு ஜீவன். வாங்க வசதி இல்லையோ என்னவோ. அவருக்காகவே வாரம் ஒரு தடவை விளம்பர வாசகத்தை மாற்றுகிறேன். போன வாரம், ‘சாப்பிட்டீர்களா? கடல் இங்கேயேதான் இருக்கிறது’ என்று போட்டேன். அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை வந்தார்.

புத்தகத்தில் ‘நாங்கள் போனோம், நாங்கள் பார்த்தோம்’ என்றே எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘நாங்கள்’ யார் என்று வாத்தியார் கேட்டார். ஆபீஸ்காரர்கள் என்று சொல்லிவைத்தேன். அவருக்கு அது போதும்.

அன்புடன்,
பூமாலை


சென்னை,
14.11.2006

திரு. பூமாலை அவர்களுக்கு,

முகம் தெரியாத ஒருவருக்காக விளம்பரம் எழுதுவது தொழில் முறை இல்லை. அவரைப் பற்றி ஆராய வேண்டாம்.

சான்றிதழ் பற்றி இந்தத் தடவை ஒரு வரிகூட இல்லை. கார்த்திகை பிறக்கப்போகிறது.

லீலாவதி


அரியலூர்,
10.12.2006

அன்புள்ள லீலாவுக்கு,

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. கிளார்க் லீவிலும் இல்லை, நகலும் கேட்கவில்லை. முதல் தடவை போன அன்றைக்கே பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான்தான் வாசல்வரை போய் டீக் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் உள்ளே போனேன். உன் பேர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டார்கள். கார்டில் இப்போது நான் மட்டும்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கில் இதையாவது காப்பாற்றினேனே என்று இருக்கட்டும்.

விளம்பரத்தையும் இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம். புத்தகம் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு பிரதி எடுத்துவைத்திருக்கிறேன். கடைசி விளம்பரத்தில், ‘ஒரு பிரதி பாக்கி. அது சென்னை வாசகருக்கு. விலை இல்லை. வந்தால் போதும்’ என்று போட்டேன். அதற்கு மறுநாளிலிருந்து அவர் வருவதில்லை. என்ன தப்பு செய்தேனோ தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

உன் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. கற்களையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். இனி யார் காலிலும் இடிக்காது.

புது வீட்டில் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பூமாலை


சென்னை,
18.12.2006

என்னங்க,

விளம்பரம் எழுதத் தெரியவில்லை உங்களுக்கு. ‘வந்தால் போதும்’ என்று போட்டவர் விலாசம் போட வேண்டாமா? எங்கள் கவுண்டரில் இதை வாங்கவே மாட்டோம்.

மதியம் வந்துகொண்டிருந்தது நான்தான். செப்டம்பரில் விளம்பரம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வந்தேன். முதல் அத்தியாயத்தில் கல்மரமும் பஞ்சரான பஸ்ஸும் இருந்தன. மறுநாளும் வந்தேன். ஆசைக்குக்கூடக் கிளிக் செய்யாதீர்கள் என்று உங்களுக்குப் பாடம் நடத்திவிட்டு, என் கிரெடிட் கார்டிலிருந்து எனக்கே காசு பிடிக்க, வெள்ளைச்சாமியோடு வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தக் காசுக்கு நீங்கள் அனுப்பிய மணியார்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ‘நாங்கள்’ யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் வருகிறேன் என்றவர் வரவில்லை என்று இத்தனை வருஷம் கோபத்தில் இருந்தேன். கோபம் இன்னும் இருக்கிறது. அதை எழுதித் தீர்க்க முடியாது, நேரில்தான் பேச வேண்டும். கடைசி விளம்பரத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அப்புறம் வரவில்லை. உங்கள் மேல் தப்பில்லை.

வேளச்சேரிக்கு நான் குடிபோகவில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். திருச்சி ஆபீஸுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். கிடைக்க நாளாகும், கிடைக்காமலும் போகலாம். அது வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. சனிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸில் வருகிறேன். சான்றிதழையும் எடுத்து வருகிறேன். கோடு போட்ட பேரைத் திரும்பச் சேர்க்க என்ன கொடுக்க வேண்டும் என்று அந்த கிளார்க்கிடம் கேட்டு வையுங்கள். இந்தத் தடவை உள்ளே போய்க் கேளுங்கள்.

கற்களைப் பரணிலிருந்து இறக்குங்கள். இராத்திரிக்கு ரசம் வைத்தால் போதும். இத்தனை நாள் மொய் எழுதிவிட்டேன். சாப்பிடாமல் எப்படிப் போவது?

உங்கள்,
லீலா