தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை

பழவேற்காடு
4-6-1972

அன்பு மகன் குப்பனுக்கு, அம்மா கனகாம்பாள் சொல்லத் தங்கை சம்பூர்ணம் எழுதுவது. இங்கே அப்பா முதல் எல்லாரும் சுகம், பம்பாயில் உன் உடம்பையும் பவானி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். கல்யாணப் பத்திரிகையில் குப்பன் வேண்டாம், குமரேசன் என்று போடு, அஞ்சம்மாள் மணைப் பக்கம் வந்து நிற்கக்கூடாது, பெண் வீட்டார் சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நேற்று ஒரு சேதி கேட்டேன் பார், விடிந்ததும் இவளை எழுத உட்காரவைத்துவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் புது ஃபேக்டரிக்கு மிஷின் பூட்ட வந்த ஹாலந்து துரை வீட்டில் சம்பூர்ணம் வேலை செய்கிறாள், இறால் கொடுப்பது நான். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து துரையின் பெண்சாதி எஸ்தர் அம்மா என்னவென்று கேட்க, உன் கதையைச் சொன்னேன். உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை, எமன் கண்ணில் படாமலிருக்க உன்னைக் குப்பையில் கிடத்தினோம், அஞ்சம்மாள் ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கி, குப்பன் என்று பேரிட்டுத் தன் பிள்ளையாக வைத்துக்கொண்டாள் என்றேன். டிரைவர் பாக்கியராஜ் அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கவில்லை, அந்த அம்மா என் மீன் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் அப்படிப் பிழைத்தவள்தான் என்று அழுதுவிட்டாள்.

அவள் யூதப் பெண்ணாம். அவளுக்கு ஐந்து வயதில் ஜெர்மன் பட்டாளம் அவள் ஜனங்களைக் கைக்குழந்தை என்றும் பாராமல் வீடு வீடாகப் பிடித்துப்போய்க் கொன்றதாம். பெற்றவள் இவளை ஒரு மீன்காரியிடம் கொடுத்துவிட்டாள். மீன்காரி வேறு பேர் வைத்து, வலை போடும் பரணில் ஒளித்து வளர்த்தாள். ஒருநாள் பட்டாளத்தான் திடீரென்று நுழைந்துவிட்டான், பிள்ளை அடுப்பங்கரையில் நிற்கிறது. அந்த மகராசி பயந்தாளா? பிள்ளைக்கு ஓங்கி ஓர் அறை விட்டு, இன்னாடி முழிச்சிகினு நிக்கிற, மீன அலசுடி சோம்பேறி என்று அவள் பாஷையில் கத்தினாளாம். பெற்றவள்தான் இப்படி அடிப்பாள் என்று அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். வாய் திறக்காத சம்பூர்ணம்கூட வழியெல்லாம் அதையே பேசிவந்தாள். பெற்றவர்கள் திரும்பவேயில்லையாம். எஸ்தர் கல்யாணத்தில் தாயாக நின்றது அந்த மீன்காரிதானாம், யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன், சிரித்தால் நான் விட்டிருப்பேனா என்றாள். அதனால் இனி உன்னிடம் கெஞ்சப்போவதில்லை. குப்பன் என்றே அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன், கோபமிருந்தால் நேரில் வந்து காட்டு. எஸ்தர் அம்மாவும் கல்யாணத்துக்கு வருகிறாள். நீ எழுதியது அஞ்சம்மாளுக்குத் தெரியாது, என் புள்ளைக்குக் கண்ணாலம் என்று கரையெல்லாம் சொல்லித் திரிகிறாள். வேளைக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாக இரு. பொன்னேரி ஸ்டேஷனுக்கு நானும் அஞ்சம்மாளும் வருவோம். இறங்கியதும் முதலில் அவள் காலில் விழு, நான் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
கனகாம்பாள்